ராமேஸ்வரம் தீவு, செப்டம்பர் முதல் நவம்பர் வரை: வாராவாரம் ஒரே தடத்தில் பறவை எண்ண யோசனை வேண்டும்

பச்சைக்காலி

ஞாயிறு காலை மட்டும்தான் நேரம். பைக் இருக்கிறது, 8×42 பைனாகுலர் இருக்கிறது, ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கி) இன்னும் வாங்கவில்லை. பாம்பனிலிருந்து அரிச்சல்முனை வரை மொத்தத் தீவையும் ஒரு காலையில் முடிக்க முடியாது என்பதால், தனுஷ்கோடிப் பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு செப்டம்பர் முதல் வாரத்தில் தொடங்கலாம் என்று எண்ணம். எங்கெங்கே நிற்பது? கடல் ஏற்ற வற்றம் பார்த்துப் போவதா, கடிகாரம் பார்த்துப் போவதா? பூநாரை எப்போது வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்பங்கழி

தடத்தை முதலில் முடிவு செய்யுங்கள். நான்கு நிறுத்தம் போதும்: கோதண்டராமர் கோயிலுக்குப் பிரியும் சாலை (இரு பக்கமும் ஆழமில்லாத நீர்), எம்.ஆர். சத்திரம் (முகுந்தராயர் சத்திரம்) தாண்டி வடக்கே தெரியும் சேற்றுவெளி, பழைய தனுஷ்கோடி இடிபாடுகளுக்குப் பின்னால் உள்ள நீர்த்தேக்கம், கடைசியாக அரிச்சல்முனை. எம்.ஆர். சத்திரத்திலிருந்து முனை வரை சாலை ஒன்பதரை கிலோமீட்டர். 2017-க்கு முன்பு வேன் வண்டியில் மணலுக்குள் போன தூரம் அது. இப்போது பைக்கில் கால் மணி நேரம்.

பலரும் போகிற வரிசையைத் தலைகீழாக்குங்கள். வழியில் நிற்காமல் நேரே முனைக்குப் போய், அங்கே தொடங்கித் திரும்பி வாருங்கள். காரணம் இரண்டு. தீவின் இந்த வால் கிழக்கு-தென்கிழக்காக நீள்வதால், காலையில் முனையை நோக்கிப் போகும்போது வெயில் நேராகக் கண்ணில் விழும், எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். திரும்பி வரும்போது வெயில் முதுகுப் பக்கம். இரண்டாவது, சுற்றுலா வண்டிகள். முனையில் மணல் திட்டில் உட்கார்ந்திருக்கும் ஆலா எனும் கடற்பறவைக் கூட்டம், ஆட்கள் செல்ஃபி எடுக்க இறங்கிய பிறகு இருக்காது. சோதனைச் சாவடி திறந்ததும் உள்ளே போகிறவருக்குத்தான் அந்தக் கூட்டம் கிடைக்கும்.

ஒவ்வொரு நிறுத்தத்திலும் 20 நிமிடம், கோயில் பிரிவில் மட்டும் 40. நன்றாக இருக்கிறது என்று ஒரு வாரம் கூடுதலாக நின்றால் அந்த எண்ணிக்கையை மற்ற வாரங்களோடு வைத்துப் பார்க்க முடியாது. கூடுதல் நேரம் நிற்க ஆசைப்பட்டால் அதைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள்.

கானல் இன்னொரு தொல்லை. ஒன்பது மணிக்கு மேல் மணலும் சேறும் சூடேறி 100 மீட்டருக்கு அப்பால் எல்லாமே நெளியும். ஸ்கோப் வாங்கினாலும் இதற்குத் தீர்வில்லை. உருப்பெருக்கம் கூட்டினால் நெளிவும் கூடும்.

கச்சான்காற்று

> உப்பங்கழி எழுதியது: தடத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

தடம் சரி, ஆனால் அதற்கு முன் காற்று. இந்தத் தீவில் ஏற்ற வற்ற அட்டவணையை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். பாக் நீரிணைப் பக்கம் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் பௌர்ணமி, அமாவாசையில்கூட ஒரு மீட்டருக்குக் குறைவு. சேற்றுவெளி கிட்டத்தட்டச் சமதளம் என்பதால், பலத்த காற்று தள்ளும் ஒரு சாண் தண்ணீரே போதும், அட்டவணையைப் பொய்யாக்க.

செப்டம்பரில் கச்சான் இன்னும் ஓயாது. தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று வடபக்கத்துத் தண்ணீரைக் கரையைவிட்டு வெளியே தள்ளும். பெண்கடல் (வடக்கே பாக் நீரிணைப் பக்கம்) உள்வாங்கியிருக்கும், சேறு அகலமாகத் திறந்திருக்கும், உள்ளான் எனும் சிறு கரைப்பறவைகள் வெகுதூரத்துக்குப் பரவிக் கிடக்கும். அதே நேரம் ஆண்கடல் (தெற்கே மன்னார் வளைகுடா) பக்கம் அலை கொந்தளிக்கும். அங்கே நின்றால் கடல்மேல் பறக்கும் ஆலாக்கள் கரையை ஒட்டி வரும். அக்டோபர் 20 வாக்கில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் எல்லாம் மாறும். வாடைக்காற்று தண்ணீரை வடகரையில் குவிக்கும், சேறு மூழ்கும், பறவைகள் எஞ்சிய மேட்டில் நெருக்கமாகச் சேரும், அல்லது தென்கரை மணலுக்குப் போய்விடும். போதாததற்கு ஐப்பசி, கார்த்திகையில் கிழக்குக் கரையோரம் கடலின் சராசரி மட்டமே ஆண்டின் உச்சத்தில் இருக்கும்.

ஆக, செப்டம்பரில் 400 கொசு உள்ளான், நவம்பரில் 60 என்றால் பறவை குறைந்துவிட்டது என்று பொருளல்ல. சேறு மூழ்கியிருக்கலாம். ஒவ்வொரு நிறுத்தத்திலும் காற்றின் திசை, சேறு எவ்வளவு திறந்திருக்கிறது (முழுதும், பாதி, இல்லை) என்ற இரண்டையும் எழுதுங்கள். சாலையோரக் கல், பழைய கட்டடச் சுவர் என்று ஏதாவது ஒரு நிலையான அடையாளத்தை வைத்துத் தண்ணீர் எதுவரை நிற்கிறது என்று பார்த்தால் போதும்.

கடிகாரமா, வற்றமா என்று கேட்டதற்கு: ஏற்றம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏழு நாளில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். அதாவது இந்த ஞாயிறு காலை ஏழுக்கு வற்றம் என்றால் அடுத்த ஞாயிறு அதே ஏழுக்கு ஏற்றம், அதற்கடுத்த ஞாயிறு மறுபடி வற்றம். கடிகாரப்படியே போங்கள், ஆனால் ஒன்றுவிட்ட வாரங்களைத்தான் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டும். வாராவாரம் கூடிக் குறைகிறது என்று வரைபடம் போடுகிற பலருக்கு இது உறைப்பதில்லை.

மன்னார்க்கரை

அண்ணை சொன்னது எங்கட பக்கத்துக்கும் பொருந்தும், ஆனா தலைகீழா. இலங்கையில மன்னார்த் தாம்போதியில (தீவுக்குப் போற கடல்வழிச் சாலை) நிண்டு பார்த்தா வாடை தொடங்கின பிறகுதான் பறவையள் கிட்ட வரும். வங்காலைப் பக்கம் மழைத்தண்ணி ஏறினாப் பிறகு வாத்து, மூக்கான், பவளக்காலி எல்லாம் திரளும். வங்காலை 2010-இல ராம்சர் இடமாச்சு (உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம்), அதால கணக்கெடுப்பும் கொஞ்சம் ஒழுங்கா நடக்குது.

நீங்கள் ரெண்டு விஷயம் கவனிக்க வேணும். ஒண்டு, அரிச்சல்முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையில 30 கிலோமீட்டர்தான். நடுவில மணல்திட்டுகள். ஆலாவுக்கு அது ஒரு தூரமே இல்லை. காலையில உங்கட முனையில இருந்த கூட்டம் பின்னேரம் எங்கட பழைய இறங்குதுறையில இருக்கலாம். ரெண்டு கரைக் கணக்கையும் கூட்டிப்போட்டு "இவ்வளவு ஆலா" எண்டு எழுதாதேங்கோ.

மற்றது, செப்டம்பரில காணுற இளம் ஆலாக்கள் எல்லாம் வடக்கிலயிருந்து வந்ததெண்டு நினைக்க வேண்டாம். ராமர் அணை (உங்கட பக்கம் ராமர் பாலம்) திட்டுகளில இலங்கைப் பக்கத்தில பெரிய கொண்டை ஆலா, சிற்றாலா இனங்கள் கூடு வைக்குது. அந்தக் குஞ்சுகள் தாயோட சேர்ந்து கத்திக் கத்தி இரை கேட்டபடி உங்கட கரைக்கும் வரும். திட்டுக்குப் படகு பிடிச்சுப் போற யோசனை எவருக்கும் வேண்டாம். எல்லையும் இருக்கு, 2015-இல இருந்து எங்கட பக்கம் அது கடல்சார் தேசியப் பூங்காவும்கூட.

கருவாடு காயப்போடுற வாடியளுக்குப் பக்கத்தில கடற்காகம் பாருங்கோ. ஹியூக்ளின் கடற்காகத்தை அங்கதான் ஆறுதலா, கிட்ட நிண்டு பார்க்கலாம். அக்டோபரில வளர்ந்த பறவைக்கும் இறக்கை நுனிச் சிறகு உதிர்ந்து முழுசா முளைச்சிராது. குட்டையான, அரைகுறை இறக்கையைப் பார்த்து வேற இனம் எண்டு முடிவு கட்டாதேங்கோ.

பச்சைக்காலி

நன்றி. ஒன்றுவிட்ட வாரக் கணக்கு புதிது. அடுத்த சந்தேகம்: சின்ன உப்புக்கொத்திகள் (சேற்றில் ஓடி இரை தேடும் கரைப்பறவைகள்). எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஸ்கோப் இல்லாமல் பிரிக்க முடியுமா?

நுண்ணலகு

ஓரளவு முடியும். முடியாததை எங்கே விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் கேள்வி: பின்கழுத்தில் வெள்ளை வளையம் முழுதாகச் சுற்றி வருகிறதா? வந்தால் கென்டிஷ் அல்லது அனுமன் உப்புக்கொத்தி. வராவிட்டால் மணல் உப்புக்கொத்தி. இது பைனாகுலரிலேயே தெரியும். பறவை தலையைத் திருப்பும் வரை காத்திருங்கள்.

மணல் உப்புக்கொத்தியில் இரண்டு. நம் கரையில் பெரும்பான்மை, முன்பு சிறிய மணல் உப்புக்கொத்தி என்று சேர்த்து எழுதியது, 2023 முதல் இ-பேர்டில் (பறவைப் பட்டியல் பதியும் இணையதளம்) திபெத்திய மணல் உப்புக்கொத்தி. மற்றது பெரிய மணல் உப்புக்கொத்தி. "பெரிதாகத் தெரிகிறது" என்பதை வைத்து எழுதாதீர்கள். தனியாக நிற்கும் பறவையின் உருவ அளவு கண்ணை ஏமாற்றும், காற்றில் சிறகைச் சிலிர்த்தால் எதுவும் பெரிதுதான். அலகைப் பாருங்கள். அலகின் அடியிலிருந்து கண்ணின் பின் ஓரம் வரை உள்ள தூரத்தை மனதில் எடுத்து, அதை அலகின் நீளத்தோடு வைத்துப் பாருங்கள். அலகு அதைவிட நீளம் என்றால் பெரியது. சமம் அல்லது குறைவு என்றால் திபெத்தியம். இதற்குப் பறவை சரியாகப் பக்கவாட்டில் நிற்க வேண்டும். காலின் பச்சை கலந்த மஞ்சள் பெரியதற்குச் சாதகமான குறி, ஆனால் காலில் சேறு ஒட்டியிருந்தால் பயனில்லை. பறக்கும்போது விரல் வாலுக்கு வெளியே நீட்டித் தெரிந்தால் அதுவும் பெரியதற்கே.

கென்டிஷ், அனுமன் விவகாரம் இன்னும் சிக்கல். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தங்கி இனப்பெருக்கம் செய்யும் பறவையை 2023-இல் தனி இனமாகப் பிரித்து, ராமர் பாலத்தை மனதில் வைத்து அனுமன் பெயரைச் சூட்டினார்கள். உங்கள் தடம் அதன் சொந்த ஊர். மார்ச், ஏப்ரலில் ஆண் பறவையைப் பார்த்தால் தலையில் செம்பழுப்பு இல்லாதது, சிறிய உடல் எல்லாம் உதவும். அக்டோபரில் வடக்கிலிருந்து கென்டிஷ் வந்து கலந்த பிறகு, சாம்பல் உடையில் நிற்கும் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பது வெறும் ஊகம். இரண்டையும் சேர்த்து எழுதும் வசதி இ-பேர்டில் இருக்கிறது, கூச்சமில்லாமல் அதைப் பயன்படுத்துங்கள். சிற்றாலாவுக்கும் சாண்டர்ஸ் ஆலாவுக்கும் அதே வழி.

வயது பார்க்கப் பழகினால் தடத்தில் என்ன நடக்கிறது என்பது புரியும். ஆகஸ்டில் மார்பில் செம்பழுப்புத் திட்டுத் திட்டாக மிஞ்சியிருப்பவை வந்து இறங்கிய பெரியவை. செப்டம்பர் பாதிக்கு மேல் முதுகுச் சிறகு ஒவ்வொன்றுக்கும் வெளிர்மஞ்சள் ஓரம் வைத்து, செதில் அடுக்கியது போலப் புத்தம்புதிதாக நிற்பவை அந்த ஆண்டுக் குஞ்சுகள். மூன்றாவது ஒரு வகை உண்டு: செம்பழுப்புச் சாயலே இல்லாமல், சிறகு ஓரம் நைந்து, வெளுத்துப்போனவை. அவை வடக்கே போகாமல் கோடை முழுக்க இங்கேயே தங்கிய முதலாண்டுப் பறவைகள். ஆகஸ்டில் அவற்றைப் பார்த்து "இந்த ஆண்டு வலசை முன்கூட்டியே தொடங்கிவிட்டது" என்று எழுதுகிறவர்கள் ஒவ்வொரு ஆண்டும் உண்டு.

உப்பங்கழி

நண்டுதின்னியை யாரும் சொல்லவில்லையே! கறுப்பு வெள்ளை உடல், தடித்த கறுப்பு அலகு, குழப்பமே வராது. ஓடும், சட்டென்று நிற்கும், மறுபடி ஓடிப் பாய்ந்து கொத்தும். சிறு நண்டை அப்படியே விழுங்கும், பெரியதை உதறிக் காலை உடைத்துவிட்டுத் தின்னும். எண்ணும்போது முதுகு கறுப்பாக உள்ளவை எத்தனை, சாம்பலாக உள்ளவை எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். சாம்பல் முதுகு இளம் பறவை. கரைப்பறவைகளில் இது அபூர்வம்: குளிர்கால இடத்துக்கு வந்த பிறகும் பெரியது இளம் பறவைக்கு இரை ஊட்டும். சாம்பல் பறவை ஒன்று தலையைத் தாழ்த்திக்கொண்டு கத்தியபடியே பெரியதன் பின்னால் நடந்தால், நண்டு கைமாறும் வரை பொறுமையாகப் பாருங்கள். பதிவில் ஒரு வரி சேர்த்தால் மதிப்புள்ள தகவல்.

கொண்டை ஆலாக்களில் பெரியதற்குப் பச்சை கலந்த மஞ்சள் அலகு, முதுகு நன்றாகக் கருத்த சாம்பல். சிறியதற்கு ஆரஞ்சு அலகு, வெளிர் முதுகு. விடிகாலைச் செவ்வொளியில் எல்லா அலகும் ஆரஞ்சாகத் தெரியும் என்பதால் முதுகைத்தான் நம்ப வேண்டும்.

செந்நாரைக்கணக்கு

பூநாரை பற்றிக் கேட்டிருந்தீர்கள். உங்கள் மூன்று மாதத்தில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம். சில பறவைகள் முன்னதாக வரலாம், ஆனால் பெருங்கூட்டம் மழை ஓய்ந்து நீர் ஆழம் குறைந்த பிறகு, பெரும்பாலும் டிசம்பர் முதல் மார்ச் வரை. "அக்டோபரில் தனுஷ்கோடியில் பூநாரைக் கூட்டம்" என்று சுற்றும் படங்கள் பல பழைய பிப்ரவரிப் படங்கள்.

வரும்போது எண்ண வேண்டிய முறை: கூட்டத்தின் ஒரு ஓரத்தில் 50 பறவையை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். அந்த 50 எவ்வளவு அகலம் என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அதே அகலத்தை முழுக் கூட்டத்தின் மேலும் நகர்த்துங்கள். இடமிருந்து வலம் ஒரு முறை, வலமிருந்து இடம் ஒரு முறை. இரண்டுக்கும் பத்து விழுக்காட்டுக்கு மேல் வேறுபாடு வந்தால் மூன்றாம் முறை. நடுவில் நெருக்கம் அதிகம், ஓரத்தில் குறைவு என்பதால் ஓரத்தில் எடுத்த 50-ஐ மட்டும் வைத்துப் பெருக்கினால் கணக்கு குறைந்துவிடும். நடுவில் இன்னொரு 50 எடுத்து அகலத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். சாம்பல் நிற இளம் பறவைகளுக்குத் தனி எண்.

2025 ஜூனில் அங்கே 524.7 ஹெக்டேர் பெரும் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீருக்குள் இறங்கி நெருங்கினால் முதலில் தலைகள் ஒன்றாக நிமிரும், பிறகு கூட்டம் ஒரே திசையில் நடக்கத் தொடங்கும். அதற்கடுத்தது பறப்புதான். தலை நிமிர்ந்ததுமே பின்வாங்க வேண்டும். பறக்கும் படத்துக்காகக் கை தட்டுகிறவர்களைப் பற்றி எழுதினால் வாயில் நல்ல வார்த்தை வராது.

வண்டியையும் சாலையைவிட்டு இறக்காதீர்கள். மேலே உப்புப் படலம் காய்ந்து கெட்டியாகத் தெரியும், நான்கு விரல் ஆழத்தில் களிச்சேறு. பைக் சக்கரம் பாதி புதைந்த பிறகு ஓர் ஆளால் எடுக்க முடியாது.

உடைமரம்

எல்லோரும் தண்ணீரையே பார்க்கிறீர்கள். தீவு என்றால் தரைப்பறவையும்தான். இலங்கைக்குக் கடல் தாண்டும் பறவைகளுக்கு இது கடைசி நிழல். அக்டோபரில் இரவு மழை பெய்து வாடை அடித்த மறுநாள் காலை, தங்கச்சிமடம், பாம்பன் பக்கத் தென்னந்தோப்பிலும் உடைமரக் காட்டிலும் பாருங்கள். பழுப்புக் கீச்சான், மாங்குயில், அரசவால் ஈப்பிடிப்பான், காட்டு வாலாட்டி, ஆறுமணிக் குருவி எல்லாம் அப்போதுதான். தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்று போடும் பாத்திகள் எப்போதும் ஈரமாக இருக்கும். வாலாட்டிகளுக்கு அது போதும். உரிமையாளரிடம் கேட்டுவிட்டு வரப்பிலேயே நில்லுங்கள், நாற்றை மிதித்தால் மறுபடி விடமாட்டார்கள்.

கச்சான்காற்று

உடைமரம் சொல்வது சரி, ஆனால் ஞாயிறு ஒரு காலையில் இரண்டும் ஆகாது. எட்டரைக்குத் தனுஷ்கோடி முடித்துத் தங்கச்சிமடம் போனால் தோப்புப் பறவைகள் ஏற்கெனவே அடங்கியிருக்கும். மழைக்கு மறுநாள் விடுமுறையாக அமைந்தால் தோப்பு, மற்ற ஞாயிறு எல்லாம் கடல் தடம்.

உடைமரம்

ஒப்புக்கொள்கிறேன். ஒன்று மட்டும்: அந்த நாட்களில் ஆறுமணிக் குருவி களைத்துப்போய் வீட்டுச் சுவரோரம், கடை வாசலில் விழுந்து கிடக்கும். வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழலில் போய்ச் செத்துவிடும். காற்றோட்டத் துளை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே பழைய துணி, மூடி வைத்து அமைதியான இடத்தில் விடுங்கள். இரவில் பயணிக்கும் பறவை என்பதால், தெம்பாக இருந்தால் அந்தி நேரத்தில் மரம் அடர்ந்த இடத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

நுண்ணலகு

கருவி பற்றிச் சில வார்த்தை. உப்புத் துளி காய்ந்த கண்ணாடியைத் துணியால் துடைத்தால் உப்புப் படிகமும் மணலும் சேர்ந்து பூச்சைக் கீறிவிடும். நீர் புகாத பைனாகுலர் என்றால் முதலில் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவி, பிறகு ஒற்றி எடுங்கள். நீர் புகும் வகை என்றால் ஊதுகுமிழும் மென்தூரிகையும் மட்டும். ஸ்கோப் வாங்கும்போது முக்காலியில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். இந்தக் காற்றில் இலகுவான முக்காலி நடுங்கும், 30 மடங்கில் எதுவும் தெரியாது. நடுத்தண்டை உயர்த்தாமல், மணல் நிரப்பிய பையை நடுவில் கட்டித் தொங்கவிட்டு, உட்கார்ந்து பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கால் இணைப்புகளைக் கழற்றி நல்ல தண்ணீரில் அலச வேண்டும். விட்டால் அடுத்த ஞாயிறு கால் நீளாது.

பச்சைக்காலி

கடைசிக் கேள்வி. நவம்பரில் புயல் சின்னம் வந்தால் அந்த வாரத்தை விட்டுவிடுவதா? நான்கு நிறுத்தத்தையும் ஒரே பட்டியலாகப் போடலாமா?

கச்சான்காற்று

இ-பேர்டில் பட்டியல் நான்கும் தனித்தனி, ஓரிடத்தில் நின்று பார்த்தது என்ற வகையில். ஒன்றாகப் போட்டால் சேறு மூழ்கியதால் பறவை எந்த நிறுத்தத்துக்கு நகர்ந்தது என்பது தெரியாமல் போய்விடும். கண்ட எல்லா இனத்தையும் எழுதி முழுப் பட்டியல் என்று குறித்தால்தான் "இல்லை" என்பதும் பதிவாகும். எதுவுமே இல்லாத நிறுத்தம் என்றாலும் காகம், செம்பருந்து இருக்குமே, அதை எழுதி அனுப்புங்கள்.

புயலுக்கு: பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தால் முனைப் பக்கம் போகாதீர்கள். அலை சாலைமேல் ஏறும், சோதனைச் சாவடியிலும் விடமாட்டார்கள். அந்த வாரக் கட்டத்தைக் காலியாக விடுங்கள், சுழியம் போடக் கூடாது. கூண்டு இறக்கிய மறுநாள் காலை முடிந்தால் போங்கள், ஞாயிறாக இல்லாவிட்டாலும். ஆழ்கடல் ஆலாக்களைக் காற்று கரைக்குத் தள்ளியிருக்கும். திறந்த கடலில் தேடாமல் கோயில் பிரிவு போன்ற ஒதுக்கமான நீரில் தேடுங்கள். உப்பங்கழி சொன்ன 20 நிமிடக் கணக்குக்கு வெளியே, தனிப் பட்டியலில்.